ஆடி மாதம் போட்ட வத்தல்: கொத்தவரங்காய், மோர் மிளகாய், மாம்பழம் மூன்றிலும் எங்கே தப்பு?

கடலோர மாடி:

சென்னை. கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு. மொட்டை மாடியில் காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை வெயில் விழும். ஆடியில் மூன்று வகை போட்டதில் மூன்றும் மூன்று விதமாகப் போயின.

கொத்தவரங்காய் 3 கிலோ: காம்பு கிள்ளி, கழுவி, உப்பு பிசிறி, பச்சையாகவே பிளாஸ்டிக் ஷீட்டில் பரப்பியது. ஐந்து நாளில் காய்ந்தது. ஆனால் நிறமும் வைக்கோல், வாசனையும் வைக்கோல். எண்ணெயில் பொரித்தால் நார் வாயில் நிற்கிறது.

மோர் மிளகாய் 2 கிலோ: ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு குத்து. உப்பு 100 கிராம், மோர் 2 லிட்டர். எட்டு நாள் காய்ந்தபின் ஜாடியில் போட்டது. மூன்றாவது வாரம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மேலே வெள்ளை படிந்திருக்கிறது. பூஞ்சையா, உப்பா?

மாம்பழத் துண்டு: மழை வந்ததால் ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் மின்சார அடுப்பு) 100 டிகிரியில் இரண்டு மணி நேரம், பிறகு மாடியில் இரண்டு நாள். வெளியே தோல் மாதிரி, வெட்டினால் உள்ளே பிசுபிசுப்பு.

எந்தக் காய்க்கு எத்தனை நாள் வெயில் வேண்டும் என்று யாராவது கணக்கு சொன்னால் நல்லது. டீஹைட்ரேட்டர் (காய், பழம் உலர்த்தும் மின்சார மெஷின்) வாங்கிவிடலாமா என்ற யோசனையும் இருக்கிறது.

---

முறம்:

நாள் கணக்கு கேட்காதீர்கள். மூன்று நாள், ஐந்து நாள் என்று புத்தகத்தில் போட்டிருப்பதெல்லாம் மதுரைப் பக்கம் பங்குனி வெயிலுக்குச் சரி. சென்னையில், அதுவும் ஆடியில், அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. எடை பாருங்கள். சமையலறைத் தராசு ஒன்று போதும்.

கணக்கு இதுதான். கொத்தவரங்காயில் நூற்றுக்கு சுமார் 82 பங்கு தண்ணீர். நறுக்கிய காய் 1 கிலோ என்றால் தண்ணீர் போக மிச்சம் 180 கிராம். வத்தலில் 7 சதவீத ஈரம்தான் மிச்சம் இருக்கலாம் என்று வைத்தால், 180-ஐ 0.93-ஆல் வகுக்க வேண்டும்: ஏறக்குறைய 195 கிராம். உப்பு ஏறியதையும் சேர்த்து 200 முதல் 210-க்குள் வந்துவிட்டால் எடுத்து வைக்கலாம். 260-ல் நின்றால் கையில் எவ்வளவு மொறுமொறுப்பாகத் தெரிந்தாலும் உள்ளே தண்ணீர் இருக்கிறது. வெண்டைக்காய் கிலோவுக்கு 110 கிராம், பாகற்காய் 75, தக்காளி 65 என்று உப்பில்லாமல் தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் நிறுக்க வேண்டாம். ஒரு தட்டில் 200 கிராம் மட்டும் தனியாக வைத்துக் காலை, மாலை நிறுத்தால் மற்றவற்றின் நிலவரம் தெரிந்துவிடும்.

இதில் ஒரு பொறி உண்டு. இரண்டு நாளாக எடை குறையவில்லை, அதனால் காய்ந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். காற்றில் ஈரப்பதம் 75, 80 என்று நிற்கும்போது, காயிலிருந்து வெளியேறும் ஈரமும் காற்றிலிருந்து உள்ளே போகும் ஈரமும் சமமாகி எடை நின்றுவிடும். அது காய்ந்ததால் நிற்பதில்லை, அதற்கு மேல் அந்தக் காற்றில் காயாது என்பதால் நிற்கிறது. சென்னையில் கோடையில்கூட மதியத்தை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வந்ததும் சூடு குறைந்து ஈரப்பதம் ஏறிவிடும். அதனால் உங்கள் மாடியில் உண்மையான உலர்த்தும் நேரம் காலை எட்டரையிலிருந்து கடற்காற்று வரும்வரைதான். சாயங்காலம் ஐந்து வரை விட்டு வைப்பதில் லாபமில்லை. நான்கு மணிக்குள் உள்ளே எடுத்து, ஆறவைத்து, மூடிய பாத்திரத்தில் வையுங்கள். பனியில் ஒரு ராத்திரி கிடந்தால் பகலில் போன ஈரத்தில் நல்ல பங்கு திரும்பி வந்துவிடும்.

அடுத்தது பிளாஸ்டிக் ஷீட். கூழ் வடாம் பிழிய அதுதான் வசதி, உரித்து எடுக்கலாம். காய்க்கு அது ஆகாது. அடிப்பக்கம் வியர்த்து, அந்தத் தண்ணீரிலேயே காய் கிடக்கும். பழைய பருத்தி வேட்டி பரவாயில்லை. அதைவிட நல்லது மரச் சட்டத்தில் நைலான் கொசுவலையை இழுத்துக் கட்டி, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நான்கு செங்கல் தூணில் வைப்பது. கயிற்றுக் கட்டில் இருந்தால் அதன்மேல் வலையை விரித்தாலே போதும். கீழேயும் காற்று போகும்போது காயும் நேரம் நன்றாகக் குறையும். துத்தநாகம் பூசிய கம்பி வலை வேண்டாம். உப்பும் புளிப்பும் பட்டால் பூச்சு கரைந்து காயில் ஏறும்.

கொத்தவரங்காய் வைக்கோல் ஆனதற்குக் காரணம் அதைப் பச்சையாகப் போட்டதுதான். காயில் இருக்கிற நொதிகள் பறித்த பிறகும் வேலை செய்துகொண்டே இருக்கும். நிறத்தை வெளுக்க வைப்பதும் அந்த வாசனையைக் கொண்டுவருவதும் அவைதான். கொதிநீரில் ஒரு முக்கு முக்கினால் அடங்கிவிடும். 3 லிட்டர் தண்ணீர், 60 கிராம் உப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள். தளதளவென்று கொதிக்கும்போது அரை கிலோ காய் மட்டும் போடுங்கள். மொத்தமும் கொட்டினால் கொதி அடங்கி, காய் வெந்நீரில் ஊறி வெந்துபோகும். மறுபடி கொதி வந்ததிலிருந்து இரண்டரை நிமிடம். எடுத்துப் பச்சைத் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு, வடித்து, துணியில் ஈரம் ஒற்றிப் பரப்பவும். வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும், ஆனால் தோல் வழுக்கி உரியக் கூடாது. அதுதான் பதம்.

நார் நிற்பது முற்றல் காய். விதை மேடு தட்டிவிட்ட கொத்தவரங்காய் எந்த வெயிலுக்கும் மசியாது, வாங்கும்போதே பிஞ்சாகப் பார்க்க வேண்டியதுதான்.

வெண்டைக்காயை வெந்நீரில் போட்டுவிடாதீர்கள், கொழகொழவென்று ஆகிவிடும். துடைத்து, ஒரு சென்டிமீட்டர் வில்லையாக நறுக்கி அப்படியே போட வேண்டும். வெங்காயம், பூண்டு, மிளகாய்க்கும் வெந்நீர் வேண்டாம்.

---

பங்குனி வெயில்:

முறம் அண்ணா சொன்னதில் ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொத்தவரங்காயைப் பச்சைத் தண்ணீரில் போட்டால் ஏறிய உப்பு கழுவிக்கொண்டு போய்விடும், காயும் மறுபடி தண்ணீர் குடிக்கும். வடிகட்டியில் கொட்டி, சூட்டோடு துணியில் ஒற்றை வரிசையாகப் பரப்பி, மேலே ஃபேன் போட்டால் பத்து நிமிடத்தில் ஆறிவிடும். அந்தச் சூட்டிலேயே மேல் ஈரமும் ஆவியாகிப் போகும். கொதிநேரத்தில் அரை நிமிடம் குறைத்துக்கொண்டால் போதும்.

மோர் மிளகாய்க்கு வருகிறேன். உங்களுக்கு உப்பும் பற்றவில்லை, குத்தும் பற்றவில்லை, மோரோ அளவுக்கு மிஞ்சிவிட்டது. 2 கிலோ மிளகாயும் 2 லிட்டர் மோரும் சேர்ந்த இடத்தில் 100 கிராம் உப்பு என்றால் இரண்டரை சதவீதம். வாரக்கணக்கில் ஊறிக் காய வேண்டியதற்கு அது போதாது.

1 கிலோவுக்கு அளவு: உப்பு 150 கிராம், நன்றாகப் புளித்த கெட்டித் தயிர் முக்கால் லிட்டர், அதைக் கடைய ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். வெந்தயப்பொடி ஒரு தேக்கரண்டி உங்கள் இஷ்டம். மிளகாய் குட்டையாக, சதை பிடித்ததாக இருக்கட்டும். கழுவி, துடைத்து, காம்பை விட்டுவிட்டு நடுவில் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கத்தியால் கீறவும். ஊசிக் குத்து காய்ந்ததும் அடைத்துக்கொள்ளும். உள்ளே போன மோர் வெளியே வர வழியில்லாமல் விதை கறுத்துவிடும். பீங்கான் ஜாடி அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு நாள் முழுக்க ஊறட்டும், காலையும் மாலையும் குலுக்கிவிடுங்கள். அலுமினியம், பித்தளை கூடவே கூடாது.

மூன்றாம் நாள் காலை மிளகாயை மட்டும் பிழியாமல் எடுத்து வெயிலில் பரப்பி, சாயங்காலம் அதே மோரில் திரும்பப் போட வேண்டும். மோர் முழுக்க இழுத்துக்கொள்ளும்வரை மூன்று நான்கு தடவை இப்படி. அதன் பிறகுதான் உண்மையான காய்ச்சல் ஆரம்பம்: நல்ல வெயிலில் ஐந்து ஆறு நாள். இடையில் இரண்டு நாள் மேகம் போட்டுவிட்டது, மோர் இன்னும் மிச்சம் இருக்கிறது என்றால், ஜாடியை ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே வைத்தால் நூல் கட்டும், வாசனை மாறும்.

கடைசியில் காய்வது காம்பும் தோலும் சேரும் கழுத்து. மிளகாயை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே விதை ஒட்டியிருக்கும் நரம்பு வளைந்தால் இன்னும் ஒரு நாள் வேண்டும், ஒடிந்தால் எடுக்கலாம். குலுக்கினால் விதை சலசலப்பது மட்டும் சாட்சி ஆகாது, கழுத்து ஈரமாக இருக்கும்போதே விதை சலசலக்கும்.

சுண்டைக்காயும் இதே மாதிரிதான், உப்பு மட்டும் குறைவு: கிலோவுக்கு 70 கிராம், புளித்த மோர் அரை லிட்டர். ஒவ்வொன்றையும் குழவியால் லேசாகத் தட்டி வாய் பிளக்க வைக்க வேண்டும், கூழாக நசுக்கிவிடக் கூடாது. தட்டியதும் ஒரு தண்ணீர் அலசினால் பாதி விதை போய்விடும், கசப்பும் குறையும். தட்டாமல் முழுசாகப் போட்டால் மேல்தோல் மட்டும் காய்ந்து உருண்டையாக நிற்கும், பொரிக்கும்போது எண்ணெயில் வெடிக்கும். மணத்தக்காளி சின்னது, பச்சைக் காயாகப் பறித்து விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். கறுப்பாகப் பழுத்தது வத்தலுக்கு ஆகாது.

---

தேன்கதலி:

பழத்துக்கு வேறு நியாயம். காய்கறி ஒடிய வேண்டும், பழம் வளைய வேண்டும். பழத்தில் சர்க்கரை இருப்பதால் 15 முதல் 20 சதவீத ஈரம் வரை தாங்கும். முறம் சொன்ன கணக்கைப் போட்டால், தோல் சீவி நறுக்கிய மாம்பழம் 1 கிலோ கடைசியில் 205, 210 கிராமில் நிற்க வேண்டும். வாழைப்பழம் 310-ஐ ஒட்டி.

உங்களுக்கு நடந்தது மேல்தோல் இறுகிப்போனது. 100 டிகிரியில் வெளிப்பக்கத்து ஈரம் சடாரென்று போய், சர்க்கரை இறுகி, ஒரு மூடி போட்ட மாதிரி ஆகிவிடும். உள் ஈரம் அதைத் தாண்டி வர முடியாது. பிறகு எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் அப்படியேதான் இருக்கும். பழத்துக்கு 55 முதல் 60 டிகிரி போதும். சூட்டைவிடக் காற்றோட்டம் முக்கியம்.

பங்கனபள்ளி, செந்தூரம் மாதிரி நார் இல்லாத பழம், கையில் அழுத்தினால் லேசாகக் கொடுக்கிற பதத்தில் எடுங்கள். கனிந்து குழைந்தது வேண்டாம். 6 மில்லிமீட்டர் கனத்தில், எல்லாத் துண்டும் ஒரே கனமாக. ஒன்று 4, ஒன்று 10 என்று இருந்தால் மெல்லியது கருகும்போது தடித்தது ஈரமாக இருக்கும், ஜாடியில் அந்த ஒன்று போதும் மற்றதைக் கெடுக்க. எலுமிச்சைச்சாறும் தண்ணீரும் சம அளவு கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து வடித்தால் நிறம் கறுக்காது. கடையில் விற்கும் பளீர் மஞ்சள் நிறம் கந்தகச் சேர்மானத்தால் வருவது. ஆஸ்துமா இருக்கிறவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது, வீட்டில் தேவையும் இல்லை.

எடுத்ததும் சூட்டோடு அடைக்காதீர்கள். அரை மணி நேரம் ஆறட்டும். பிறகு கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவுக்குக் குறைவாக, இறுக்காமல் போட்டு, ஒரு வாரம் தினமும் ஒரு குலுக்கு. சில துண்டில் ஈரம் கூட இருக்கும், சிலதில் குறைவு, இந்த ஒரு வாரத்தில் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். கண்ணாடியின் உள்பக்கம் ஒரு முத்து நீர் தெரிந்தாலும் மொத்தத்தையும் திரும்பக் காயவைக்க வேண்டும். வண்டு முட்டை பயம் இருந்தால், காய்ந்ததை உறைபெட்டியில் மைனஸ் 18-ல் இரண்டு நாள் வைத்து எடுத்துவிடுங்கள். பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டுத் திறக்க வேண்டும், இல்லையென்றால் குளிர்ந்த துண்டின் மேல் தண்ணீர் படியும்.

இன்னொன்று, தக்காளியைப் பாதி காயவைத்து, பூண்டு சேர்த்து எண்ணெயில் மிதக்கவிட்டு அலமாரியில் வைக்கும் வழக்கம் இப்போது பரவுகிறது. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் ஈரம் மிச்சமிருக்கும் பூண்டும் தக்காளியும் விஷக் கிருமிக்கு ஏற்ற இடம். செய்தால் ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிடுங்கள்.

---

கடலோர மாடி:

மூன்று பேருக்கும் நன்றி. மிளகாயில் இருக்கும் வெள்ளை எது என்று இன்னும் தெரியவில்லை. உப்புதான் என்றால் வெயிலில் போட்டு எடுத்துக்கொள்ளலாமா? ஜாடியைத் திறந்தால் புளிப்பு வாசனைதான், கெட்ட வாசனை இல்லை. பிறகு, அந்த மெஷின்?

---

முறம்:

ஒரு மிளகாயின் வெள்ளைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து மறைந்தால் உப்பு. கரையாமல் ஏடு ஏடாகப் பெயர்ந்தால் காய்ந்த தயிர். ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்போது பஞ்சு மாதிரி நூல் எழும்பி நின்றால், அல்லது கழுத்துப் பக்கம் பச்சை, சாம்பல் நிறம் கலந்திருந்தால் பூஞ்சை. அது ஒன்றிரண்டு மிளகாயில் இருந்தாலும் ஜாடி முழுவதும் குப்பைக்குத்தான். கழுவி வெயிலில் போட்டால் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் போகும். மிளகாயில் வருகிற சில பூஞ்சைகள் விட்டுப்போகும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு எண்ணெயில் பொரித்தாலும் முழுசாகப் போகாது. இரண்டு கிலோ மிளகாய் விலைக்காக அந்த வம்பு வேண்டாம்.

ஒட்டிக்கொண்டதுக்கு உப்பும் ஒரு காரணம். சாதாரண உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீர் இழுத்துக் கசியும். சுத்திகரிக்காத கல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கும், அது இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே இழுக்கும். அதனால் உங்கள் ஊரில் மோர் மிளகாயைப் பெரிய ஜாடியில் போட்டுத் தினமும் திறக்கக் கூடாது. பத்து நாள் தேவைக்குச் சின்ன டப்பா ஒன்று, மீதி மூடி இறுகும் கண்ணாடி ஜாடிகளில் நிரம்ப. ஜாடியில் காலி இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. (தேன்கதலி சொன்ன முக்கால் அளவு அந்த முதல் வாரத்துக்கு மட்டும்.)

---

ஐந்து தட்டு:

மெஷின் பற்றி. உங்கள் இடத்துக்கு அது வெயிலுக்குப் பதில் இல்லை, வெயிலை முடித்து வைக்க. தண்ணீரில் பெரும்பங்கை மாடியே இலவசமாக எடுத்துவிடும். அந்த ஈரக்காற்றில் போகவே போகாத கடைசி மிச்சத்துக்குத்தான் மின்சாரம். இப்படிச் செய்தால் 55, 60 டிகிரியில் இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் போதும். 500 வாட் மெஷின் இடைவிடாமல் நான்கு மணி நேரம் ஓடினாலும் 2 யூனிட். முழுக்க மெஷினிலேயே மாம்பழம் போட்டால் பத்து பன்னிரண்டு மணி நேரம் ஆகும், 5, 6 யூனிட்.

வாங்கும்போது மின்விசிறி பின்பக்கம் இருக்கிறதா, அடியில் இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் இருப்பதில் கீழ்த் தட்டு முதலில் காயும், மேல் தட்டு பின்தங்கும். இரண்டு மணிக்கு ஒருமுறை தட்டுகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பின்பக்கம் இருப்பது விலை கூட, இந்த வேலை குறைவு. சூட்டை 5 டிகிரிக்கு 5 டிகிரியாவது மாற்ற முடிய வேண்டும், வெறும் ஆன், ஆஃப் மட்டும் இருக்கிறதை வாங்காதீர்கள். முருங்கைக்கீரை, கறிவேப்பிலைக்கு 40-க்கு மேல் போனால் நிறமும் மணமும் போய்விடும். அவற்றுக்கு மெஷினே தேவையில்லை, நிழலில் ஃபேன் போதும்.

ஓடிஜி வைத்தே சமாளிக்கலாம், ஆனால் பலவற்றில் குறைந்தபட்சமே 100 தான் குறித்திருக்கும். கதவில் மரக்கரண்டி ஒன்றைச் சொருகி நான்கு விரல் இடைவெளி விட்டு, எதிரே டேபிள் ஃபேன் வைத்து, உள்ளே தனி வெப்பமானி வைத்துப் பார்த்து, சூடு ஏறினால் அணைத்துப் போட்டால் 60-ஐ ஒட்டிப் பிடிக்கலாம். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் இந்த ஏற்பாடு வேண்டாம். மைக்ரோவேவ் ஆகாது, நடுவில் வெந்து ஓரத்தில் கருகும்.

எடை பார்க்க முடியாத கலவைகளுக்கு ஒரு வழி. சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஆறிய வத்தலை ஜாடியில் முக்கால் பாகம் நிரப்பி, இதை உள்ளே வைத்து மூடி, ஒரு ராத்திரி விடுங்கள். ஜாடிக்குள் காற்று வத்தலின் ஈரத்தோடு சமமாகிவிடும், மானி காட்டுவது அந்த வத்தலின் நிலை. 60-க்குக் கீழே பூஞ்சையும் பாக்டீரியாவும் வளராது. மலிவான மானி 5 புள்ளி வரை முன்பின் காட்டும் என்பதால் 55 வந்தால்தான் திருப்தி. 65 காட்டினால் மெஷினில் இன்னும் ஒரு மணி நேரம். மானி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு மூடியில் டேபிள் சால்ட்டைச் சில சொட்டுத் தண்ணீரில் ஈர மணல் பதத்துக்குக் குழைத்து, மானியோடு ஒரே டப்பாவில் எட்டு மணி நேரம் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் உங்கள் மானி 4 கூட்டிச் சொல்கிறது, கழித்துக்கொள்ளுங்கள்.

---

கடலோர மாடி:

தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் கரைந்தது, ஆனால் நான்கைந்து மிளகாயில் கழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பஞ்சு. மொத்தத்தையும் கொட்டியாயிற்று. வைக்கோல் கொத்தவரங்காயில் பூஞ்சை இல்லை, நன்றாக ஒடிகிறது. அதை என்ன செய்யலாம்?

---

பங்குனி வெயில்:

பொரிக்க வேண்டாம். ராத்திரி அரிசி கழுவிய தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் குக்கரில் இரண்டு விசில். இரு முனையையும் கிள்ளி நாரை இழுத்தால் இப்போது வந்துவிடும். பூண்டு கூடுதலாகப் போட்டுப் புளிக்குழம்பு வையுங்கள், வைக்கோல் வாசனை தெரியாது. குழம்பில் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், வத்தலிலேயே நிறைய இருக்கிறது.